மாற்றுச் சிறுநீரகத்துக்கு ஏன் டாப்ளர் ஸ்கேன்?

சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பிறகு டாப்ளர் ஸ்கேன் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். சாதாரண அல்ட்ராசவுண்ட் உறுப்பின் உருவத்தைக் காட்டும். டாப்ளர் அதற்குள் ரத்தம் ஓடும் வேகத்தையும் காட்டும். புதுச் சிறுநீரகத்தை முதுகுப் பக்கம் வைப்பதில்லை, அடிவயிற்றின் ஓரத்தில் வைக்கிறார்கள். தோலுக்கு அருகில் இருப்பதால் படம் தெளிவாகவே கிடைக்கும்.

அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். வாய் நன்றாகத் திறந்திருந்தால் இரண்டு அடிக்கு நடுவிலும் தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும். அடைப்பு இருந்தால் அடிக்கும்போது மட்டும் பீய்ச்சிவிட்டு நின்றுவிடும். நல்ல சிறுநீரகத்தில் இதயத் துடிப்புகளுக்கு இடையிலும் ரத்தம் உள்ளே போகும். வீங்கிய சிறுநீரகத்தில் அந்த இடைப்பட்ட ஓட்டம் குறையும். இந்தத் தடையை ஓர் எண்ணாகக் குறிப்பார்கள். 0.8-ஐத் தாண்டினால் மருத்துவர் மேலும் விசாரிப்பார். ஆனால் காரணம் என்ன என்பதை அந்த எண் சொல்லாது.

அப்புறம், ரீனோகிராம் என்று இன்னொரு சோதனையும் உண்டு. டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தை ஊசியில் செலுத்தி, அது சிறுநீரகத்துக்குள் வந்து வெளியேறும் வேகத்தை அந்தக் கதிர்களைப் படம்பிடிக்கும் காமா கேமராவில் பார்ப்பார்கள்.

‘ஸ்கேன் நார்மல், அதனால் நிராகரிப்பு (உடல் புதுச் சிறுநீரகத்தை ஏற்காமல் தாக்குவது) இல்லை’ என்று நினைப்பது தவறு; ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறிக்கொண்டிருந்தால் நிராகரிப்பை உறுதிசெய்யப் பெரும்பாலும் பயாப்சிதான் (சிறுநீரகத்தின் சிறு துணுக்கை எடுத்துப் பார்க்கும் சோதனை) வேண்டும்.