கேளுங்கள், பேசுவோம்: வேலையை விடத்தான் வேண்டுமா?

கேள்வி: பட்டர்வொர்த்தில் வசிக்கும் நான், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மகள் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மூன்று வயது மகனைத் தாஸ்காவில் (குழந்தை பராமரிப்பு மையத்தில்) விட்டிருக்கிறோம். மாலையில் பினாங்குப் பாலத்து நெரிசலைக் கடந்து, மகனை ஏற்றிக்கொண்டு வீடு சேர ஏழு மணிக்கு மேலாகிவிடுகிறது. தாஸ்காவுக்குத் தாமதக் கட்டணமும் கட்டுகிறேன். அதன் பிறகு சமையல், வீட்டுப்பாடம், துணி. கணவர் பட்டர்வொர்த்துக்குப் பக்கத்தில் பிறையில் வேலை செய்கிறார். ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்துவிடுவார், கேட்டால் உதவுவார். பிள்ளைகளிடம் நான் பேசுவதெல்லாம் ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்பதாகவே இருக்கிறது. வேலையை விட்டுவிடு என்கிறார் மாமியார். விட்டுவிடலாமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது உங்கள் கேள்வியைவிட, அதற்கு முன்னால் நீங்கள் எழுதியிருக்கும் ஒரு வரி. உங்கள் கணவர் ஐந்தரைக்கு வீட்டில் இருக்கிறார். பினாங்குப் பாலத்தைக் கடக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அப்படியிருக்க, 13.5 கிலோமீட்டர் பாலத்தைக் கடந்து வரும் நீங்கள் தாஸ்காவுக்கு ஓடுவதும், தாமதக் கட்டணம் கட்டுவதும் ஏன்? அவர் மனமில்லாதவர் என்று நான் சொல்லவில்லை. ‘கேட்டால் உதவுவார்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கேட்பதும், நினைவில் வைத்திருப்பதும், மகளின் பள்ளிப்பையில் நாளைக்கு என்ன இருக்க வேண்டும் என்று யோசிப்பதும் உங்களிடமே இருக்கும்வரை, அவர் செய்வது உதவியாக மட்டுமே இருக்கும். பொறுப்பு முழுவதும் உங்கள் தலையில்தான் இருக்கும். ஆகவே மகனை அழைத்து வருவதையும் மகளின் வீட்டுப்பாடத்தையும் அவரிடம் முழுமையாக ஒப்படையுங்கள். அவர் செய்யும் விதம் உங்கள் விதமாக இராது. மகன் சில நாள்கள் பொருத்தமில்லாத சட்டையோடு நிற்பான். அதைத் திருத்தப் போகாதீர்கள்.

பாயான் லெப்பாஸில் 1972-இல் தடையற்ற வணிகத் தொழிற்பேட்டை தொடங்கிய காலந்தொட்டு, நம் பெண்கள் அங்கே வேலைக்குப் போய்க் குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். அன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பாட்டியும் அத்தையும் பக்கத்து வீட்டு அக்காவும் இருந்த வீடுகள் பல. இன்று அடுக்குமாடிக் குடியிருப்பில் அத்தனை பேர் வேலையும் ஒருவர்மேல் இறங்கியிருக்கிறது. உங்கள் களைப்புக்குக் காரணம் அதுதான்; அன்பில் குறை என்று தயவுசெய்து எண்ண வேண்டாம்.

அடுத்து, வேலையிடத்தில் கேட்டுப் பாருங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்யப்பட்டு, 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களின்படி, வேலை நேரத்தையோ, வேலை நாள்களையோ, வேலை செய்யும் இடத்தையோ மாற்றியமைக்குமாறு ஊழியர் எழுத்துபூர்வமாக விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாள்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். இது கேட்கும் உரிமையே தவிர, கிடைத்தே தீரும் என்ற உறுதி இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உற்பத்தி வரிசையில் நிற்கும் தோழியருக்கு இது எளிதில் வாய்க்காது. கொள்முதல் பிரிவில் இருக்கும் உங்களுக்கு வாய்ப்பு அதிகம். ‘பிள்ளைகளைக் கவனிக்க முடியவில்லை’ என்று மட்டும் எழுதாமல், காலை ஏழு மணிக்குத் தொடங்கி நான்கு மணிக்கு முடித்துக்கொள்கிறேன், வாரத்தில் இன்ன நாள் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன், அந்நேரத்தில் விற்பனையாளர்களின் அழைப்புகளை இப்படிக் கவனிப்பேன் என்று திட்டமாக எழுதி, மூன்று மாதம் சோதித்துப் பார்க்கலாம் என்று முடியுங்கள். மேலாளர் ஒருவர் ‘சரி’ சொல்வதற்கு அது போதுமான பிடிமானம்.

வேலையை விடுவதைப் பற்றி: மாதச் சம்பளம் நிற்கும் என்பதை மாமியாரும் அறிவார். அதோடு சேர்ந்து நிற்கும் இன்னொன்றை வீட்டில் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை. உங்கள் சம்பளத்திலிருந்து 11 விழுக்காடும், முதலாளி பங்காக 12 அல்லது 13 விழுக்காடும் மாதந்தோறும் ஊழியர் சேமநிதியில் உங்கள் பெயரில் சேர்கின்றன. அது உங்கள் முதுமைக்கான பணம். மகன் தாஸ்காவில் இருக்கப்போகும் காலம் இன்னும் ஓர் ஆண்டு. அதற்காகப் பல ஆண்டுச் சேமிப்பை நிறுத்துவது பெரிய விலை என்பது என் கருத்து. மேற்சொன்னவற்றைச் செய்து பார்த்த பிறகும் விட வேண்டும் என்று தோன்றினால், அது மதிக்கத்தக்க முடிவுதான். ஆனால் கணவரும் நீங்களும் கணக்கை எழுதி, சேர்ந்து எடுக்கும் முடிவாக இருக்கட்டும்.

தாஸ்கா சமூகநலத் துறையில் பதிவு பெற்றதா என்று பாருங்கள். பதிவு பெற்ற இடமானால், ஆறு வயது வரையிலான பிள்ளைக்குக் கட்டும் கட்டணத்தில் ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கு உண்டு. பெற்றோரில் ஒருவர்தான் கோரலாம். ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள்.

மாலை நேரத்துக்கு ஒன்று சொல்கிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்படிக்குப் போகாதீர்கள். கைகால் கழுவி, அரை மணி நேரம் பிள்ளைகளோடு தரையில் உட்காருங்கள். பள்ளியில் என்ன நடந்தது என்று விசாரிக்க வேண்டாம். சும்மா உட்கார்ந்தால் அவர்களாகவே பேசுவார்கள். சாப்பாடு எட்டரைக்கு ஆனால் ஆகட்டும். ஞாயிற்றுக்கிழமை சம்பாலையும் குழம்புக்கான மசாலாவையும் அரைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் வாரநாள் சமையல் பாதியாகும். வாரத்தில் ஒரு நாள் கடையில் வாங்கிச் சாப்பிடுவதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. எட்டு வயது மகள் வெங்காயம் உரிக்கட்டும், அரிசி கழுவட்டும். உங்கள் பக்கத்தில் நின்று செய்யும் அந்த வேலை அவளுக்குப் பிடிக்கும்.

கேள்வி: செந்தூலில் வசிக்கிறேன். இன்னும் இரண்டு மாதத்தில் முதல் குழந்தை பிறக்கவிருக்கிறது. தந்தைக்கு எத்தனை நாள் விடுப்பு உண்டு? அதை எப்படிப் பயன்படுத்துவது?
– வாசகர், கோலாலம்பூர்

பதில்: தனியார் துறையில் மணமான தந்தைக்குச் சம்பளத்துடன் ஏழு நாள்கள் தொடர் விடுப்பு உண்டு, தாய்க்கு 98 நாள்கள். தந்தை விடுப்புக்கு, அதே முதலாளியிடம் குறைந்தது 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். பிரசவத்துக்கு 30 நாள்களுக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். ஆகவே இந்த மாதமே கடிதம் கொடுத்துவிடுங்கள்.

அந்த ஏழு நாளையும் உறவினரை வரவேற்று உபசரிப்பதில் கழித்துவிட வேண்டாம். பகலில் பார்த்துக்கொள்ள வீட்டுப் பெரியவர்கள் இருக்கலாம். இரவுகளை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டவும், ஏப்பம் விட வைக்கவும், அணையாடை மாற்றவும் அந்த வாரத்திலேயே கற்றுக்கொண்டால், விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகும் மாலை ஏழு மணிக்குக் குழந்தையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு மனைவி நிம்மதியாகத் தூங்கப் போக முடியும்.