வீடு காலி பண்ணி ரெண்டு மாசம் ஆச்சு, மெயின்டனன்ஸ் பில் மட்டும் துரத்துது

கேள்வி: வேளச்சேரியில வாடகைக்கு இருந்த ஃபிளாட்டை மார்ச் 31 காலி பண்ணி சாவியும் குடுத்துட்டோம், இப்ப மேடவாக்கத்துல இருக்கோம். ஜூன்ல பழைய அசோசியேஷன்ல இருந்து 23,400 ரூபாய்க்கு பில் வருது. ஏப்ரல், மே மெயின்டனன்ஸ் 7,000, மார்ச் தண்ணி லாரி பங்கு 2,400, பெயின்டிங் ஃபண்ட் 12,000, லேட் ஃபீ 2,000. ஓனர் "நீங்களே பாத்து செட்டில் பண்ணிடுங்க"ன்றார், அட்வான்ஸ்லயும் 40,000 இன்னும் தரல. ஹோம் லோன் வேற போடப்போறோம், கட்டலன்னா சிபில் அடிபடுமா?

பதில்: முழுசா கட்டிடாதீங்க. இதுல உங்களோடது அந்த தண்ணி லாரி 2,400 மட்டும்தான், அதுவும் மார்ச்ல எத்தனை லோடு வந்துச்சு, எத்தனை வீட்டுக்கு பிரிச்சாங்கன்னு கணக்கு வாங்கிட்டு குடுங்க.

சாவி குடுத்த பிறகு வர்ற மாசம் எல்லாம் ஓனர் தலையில. வீடு காலியா கிடந்தாலும் மெயின்டனன்ஸ் ஓடிட்டேதான் இருக்கும், அது அவருக்கும் தெரியும், சும்மா கேட்டுப் பாக்கறார். பெயின்டிங்கும் அப்படித்தான், அக்ரிமென்ட்ல "மெயின்டனன்ஸ் தனி"ன்னு இருக்கறது மாசாமாசம் லிஃப்ட், வாட்ச்மேன், மோட்டார் கரண்ட் இதுக்கு, பில்டிங்குக்கு பெயின்ட் அடிக்கறது சொத்துக்காரர் செலவு. தமிழ்நாடு வாடகை சட்டம் 2017, அதோட அட்டவணையிலயே வெள்ளையடிக்கறதும் பெயின்டிங்கும் ஓனர் பொறுப்புன்னுதான் இருக்கு. அக்ரிமென்ட்ல வேற மாதிரி ஏதாவது எழுதி கையெழுத்து போட்டிருக்கீங்களான்னு மட்டும் ஒருதடவை பாத்துக்கோங்க. லேட் ஃபீயா? பில்லையே ஜூன்லதான் அனுப்பியிருக்காங்க, அதுக்கு என்ன லேட் ஃபீ!

சிபில் பயமே வேண்டாம், அசோசியேஷன் என்ன பேங்க்கா, அவங்க அங்க ரிப்போர்ட் பண்ண வழியே இல்ல. அவங்க புக்ல மெம்பர் ஓனர்தான், துரத்தணும்னா அவரைத்தான் துரத்தணும்.

அதுக்காக கண்டுக்காம விட்டுடாதீங்க, ஏன்னா உங்க பணம் 40,000 அவர்கிட்ட இருக்கு, நீங்க பேசாம இருந்தா அவர் பாட்டுக்கு 23,400ஐயும் அதுல கழிச்சுட்டு மிச்சத்தை போட்டுவிட்டு கதையை முடிச்சுடுவார், நிறைய பேருக்கு அப்படித்தான் போகுது. அதே சட்டத்துல காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள, நியாயமான பிடித்தம் போக அட்வான்ஸை திருப்பித் தரணும்னு இருக்கு, உங்களுக்கு அந்த கெடு தாண்டியாச்சு. அதனால ஃபோன்ல பேசறதை விட்டுட்டு மெயில் போடுங்க, வாட்ஸ்அப்பும் ஓகே: "31ஆம் தேதி சாவி ஒப்படைச்சேன், என் பங்கு 2,400, அதை கழிச்சுக்கிட்டு 37,600 அனுப்புங்க"ன்னு தேதி குறிச்சு கேளுங்க. சாவி குடுத்த அன்னைக்கு அனுப்பின மெசேஜ், பேக்கர்ஸ் ரசீது, மார்ச் வரைக்கும் மெயின்டனன்ஸ் கட்டின யுபிஐ ஸ்கிரீன்ஷாட் எல்லாத்தையும் கூடவே சேருங்க. அசோசியேஷன் செக்ரட்டரிக்கும் ஒரு காப்பி. அப்பவும் தரலன்னா வக்கீல் நோட்டீஸ், பெரும்பாலும் அந்த லெவலுக்கு போகாது.

அப்புறம் ஈபி. ரெண்டு மாச பில்லுங்கறதால நீங்க காலி பண்ணும்போது ஓடிட்டிருந்த யூனிட் அடுத்த பில்லுலதான் வந்திருக்கும், ஓனர் அதையும் தூக்கிட்டு வருவார். மார்ச் 31 மீட்டர் ரீடிங் ஃபோட்டோ இருந்தா இப்பவே தேடி எடுத்து வைங்க, அதுவரைக்கும் ஓடினது மட்டும் உங்க கணக்கு.