பட்டைத் தண்ணீர் குடித்தால் தொப்பை குறையுமா? கேள்வி பதில்

கோலாலம்பூரில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். மசாலாவையும் உடல் எடையையும் பற்றிக் கேளுங்கள் என்றேன். பாதிப் பேர் பட்டையைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

செந்தூலிலிருந்து ஓர் அண்ணன்: எனக்கு இனிப்பு நீர் (நீரிழிவு). தினமும் காலையில் ஒரு கரண்டி பட்டைத்தூளை வெந்நீரில் கலந்து குடிக்கிறேன். சரிதானே?

கரண்டியை முதலில் சின்னதாக்குங்கள் அண்ணே. 2003இல் பாகிஸ்தானில் 60 பேரிடம் நடந்த ஆய்வில், பட்டை சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை நன்றாகவே இறங்கியது. பட்டைக்கு இவ்வளவு புகழ் வந்ததில் அந்த ஆய்வுக்குப் பங்குண்டு. அதற்குப் பிறகு வந்தவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழுவினர் 10 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, ஆதாரம் போதாது என்றார்கள்.

எனக்குக் கவலை வேறு. மளிகைக் கடையில் நாம் வாங்குவது பெரும்பாலும் காசியா பட்டை. தடித்த ஒற்றைப் பட்டை, ஓரம் மட்டும் உள்ளே சுருண்டிருக்கும், ஒடிக்கக் கை வலிக்கும். அதில் கூமரின் என்ற இயற்கை வேதிப்பொருள் அதிகம். நாள்பட அளவு மீறினால் கல்லீரலுக்கு ஆகாது. ஐரோப்பாவில் வைத்திருக்கும் வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 6 மில்லிகிராம். ஒரு தேக்கரண்டி காசியா தூளே அதைத் தாண்டிவிடலாம். இலங்கைப் பட்டை சுருட்டு மாதிரி மெல்லிய அடுக்குகளாக இருக்கும், விரலால் நசுக்கினால் நொறுங்கும். கூமரின் மிகக் குறைவு. குடித்தே தீருவேன் என்றால் அதை வாங்குங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அக்கா: வெந்தயம் ஊறிய தண்ணீரைக் குடித்துவிட்டு வெந்தயத்தைக் கொட்டிவிடுகிறேன். பலன் உண்டா?

நீங்கள் கொட்டுவதில்தான் சரக்கே இருக்கிறது அக்கா! ஊறின வெந்தயத்தை விரலில் தேய்த்துப் பாருங்கள், வழவழவென்று இருக்கும். அந்த நார்ச்சத்துதான் சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. மென்று தின்னுங்கள். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடக்கூடும்.

பிரிக்பீல்ட்ஸ் தம்பி ஒருவர்: காரம் கொழுப்பை எரிக்குமாமே? வாரம் மூன்று நாள் நாசி கண்டார் (சோற்றின் மேல் பலவகைக் குழம்பு ஊற்றித் தருவது) சாப்பிடுகிறேன்.

மிளகாயில் உள்ள கேப்சைசின் உடம்பைக் கொஞ்சம் சூடாக்குவது உண்மைதான். ஆனால் அதில் எரிவது நாளைக்குச் சில பத்து கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் மட்டும் 120 கலோரி. ஒருநாள் என் வீட்டுக் கோழிக்கறிக்கு வழக்கமாக ஊற்றும் எண்ணெயை அளந்து பார்த்தேன்: ஆறு மேசைக்கரண்டி! நாலு பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 180 கலோரி, தேங்காய்ப்பாலைச் சேர்க்காமல். நான் கறியைக் குறை சொல்கிற ஆள் இல்லை. மசாலாவுக்குத் தண்டனை கொடுக்கவும் வேண்டாம், பதக்கம் கொடுக்கவும் வேண்டாம். 'கூவா பஞ்சிர்' (குழம்பு வெள்ளம்) என்று எல்லாக் குழம்பையும் சோற்றில் மிதக்கவிடாமல், ஒரே குழம்பைத் தனிக் கிண்ணத்தில் கேளுங்கள். சோறு பாதி. வெண்டைக்காய் கூட ஒரு கை.

பினாங்கிலிருந்து ஒருவர்: மஞ்சள் மாத்திரை வாங்கலாமா?

வேண்டாம் என்பேன். மஞ்சள்தூளில் குர்க்குமின் என்ற சத்து மூன்று விழுக்காடு அளவுதான். ரசத்தில் போடுவதால் கெடுதல் இல்லை. மாத்திரையில் அது செறிவாக இருக்கும், உடம்பில் நன்றாகச் சேர மிளகுச் சத்தும் கலப்பார்கள். அப்படிப்பட்ட மாத்திரைகளால் சிலருக்குக் கல்லீரல் பாதித்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன.

ஒரு தங்கை: தே தாரேக்கை (ஆற்றிய பால் டீ) விட்டுவிட்டு தே ஹாலியாவுக்கு (இஞ்சி டீ) மாறிவிட்டேன். இஞ்சி நல்லதுதானே?

இஞ்சி நல்லதுதான்மா. அதே கிளாஸின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு டின் பாலும் இருக்கிறதே! 'தே ஓ ஹாலியா கோசோங்' (பாலும் சீனியும் இல்லாத இஞ்சி டீ) என்று கேளுங்கள். முதல் நாள் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். மூன்றாம் நாள் நீங்கள் உட்காருவதற்குள் கொண்டுவந்து வைத்துவிடுவார்.