“கிரைண்டர் என்று தேடினால் என் கடை ஏன் வரவில்லை?”

சிராங்கூன் சாலைக் கடைகள் சிலவற்றுக்கு இணையப் பக்கம் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. கூகுளில் பொருள் பக்கங்கள் மேலே வருவது பற்றி நம்மவர்கள் கேட்டவையும் என் பதில்களும் இங்கே.

தேக்கா பாத்திரக் கடைக்காரர்: அண்ணே, “வெட் கிரைண்டர்” என்று தேடினால் பெரிய தளங்கள்தான் வருகின்றன. விளம்பரத்துக்குப் பணம் கட்டினால் மேலே வருவேனா?

விளம்பர இடத்தில் வருவீர்கள், அதோடு சரி. இலவச வரிசைக்கும் அந்தப் பணத்துக்கும் தொடர்பில்லை. உங்கள் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். கம்பெனி கொடுத்த நாலு வரி. அதே நாலு வரி மற்ற கடைகளிலும் அச்சுப் பிசகாமல் கிடக்கிறது. அத்தனையிலும் உங்களுடையதை கூகுள் எதற்காக எடுக்க வேண்டும்?

இதையே வாங்க ஓர் அக்கா கடைக்கு வந்தால் என்ன கேட்பார்? “இந்தியாவின் உருண்டை முள் பிளக்கா, இங்கத்திய சதுர முள்ளா? 2 லிட்டரில் எவ்வளவு அரிசி போடலாம்? கல்லைக் கழற்றிக் கழுவலாமா? காலையில் ஓட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவாரா? பழுதானால் யார் பார்ப்பது?” கல்லாவில் நின்று தினமும் பதில் சொல்கிறீர்கள், பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அதை எழுதுங்கள், பிளக்கைப் படமெடுத்தும் போடுங்கள்.

“வெட் கிரைண்டர்” என்ற பொதுச்சொல்லுக்குப் பெரும்பாலும் பல மாடல்களை அடுக்கிய பட்டியல் பக்கங்களே வரும். அங்கே மோத வேண்டாம். “2 லிட்டர் டில்டிங் கிரைண்டர் சிங்கப்பூர் பிளக்” என்று தேடுபவர் பணப்பையைக் கையில் எடுத்துவிட்டவர். அவர் முன்னால் நில்லுங்கள்.

யீஷூனில் வீட்டிலிருந்து புடவை விற்பவர்: தீபாவளி முடிந்ததும் விற்றுத் தீர்ந்த புடவைப் பக்கங்களை அழித்துவிடலாமா அண்ணா?

வேண்டாம்மா. ஒரு கடைக்கு நானே அப்படி மொத்தமாய் அழித்து, மற்ற தளங்கள் கொடுத்திருந்த இணைப்புகளையெல்லாம் வீணாக்கியவன். அடுத்த தீபாவளிக்கு அரிச்சுவடியிலிருந்து தொடங்கினோம். சரக்கு மறுபடி வருமென்றால் பக்கத்தை வைத்துக்கொண்டு “இருப்பில் இல்லை” என்று போடுங்கள். வராதென்றால் அதே ரகப் பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். தீபாவளிப் பக்கத்தின் முகவரியில் ஆண்டைச் சேர்க்காதீர்கள். ஒரே முகவரி வருடா வருடம் உழைக்கட்டும்.

இன்னொரு கடைக்காரர்: மெட்டா கீவேர்ட்ஸில், அதாவது பக்கத்தின் நிரலுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் எழுதி வைக்கும் தேடல் சொற்களில், நூறு சொல் நிரப்பித் தருகிறேன் என்று ஒருவர் மாதம் 300 வெள்ளி கேட்கிறார்.

வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. அந்த 300 வெள்ளிக்கு நல்ல போட்டோகாரரைப் பிடியுங்கள்.

சிலருக்கு மட்டும் தேடல் முடிவிலேயே விலையும் நட்சத்திரமும் தெரிகிறதே?

பக்கத்துக்குள் ஸ்கீமா குறியீடு சேர்த்திருப்பார்கள். விலை, இருப்பு, மதிப்பீடு எல்லாம் இயந்திரத்துக்குப் புரியும்படி எழுதும் முறை. அதனால் மட்டும் வரிசையில் ஏறமாட்டீர்கள், ஆனால் கண்ணில் படுவீர்கள். கடைகள் தங்கள் பொருள் விவரங்களை கூகுளுக்குக் கொடுக்கும் மெர்ச்சண்ட் சென்டரிலும் பொருள்களை ஏற்றுங்கள். 2012-ல் காசு கட்டியவர்களுக்கு மட்டுமென்று ஆக்கிய கூகுள் ஷாப்பிங் பகுதியை 2020-ல் இலவசப் பட்டியலுக்கும் திறந்துவிட்டார்கள். பொருள் சேவை வரிக்குப் பதிந்த கடையென்றால் அந்த 9 விழுக்காட்டைச் சேர்த்த விலையையே போடுங்கள். பக்கத்தில் ஒரு விலை, பட்டியலில் வேறு விலை என்றால் பொருளை நிராகரித்துவிடுவார்கள். மைத்துனரை விட்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லவும் வேண்டாம்.

என் பக்கம் போனில் மெதுவாகத் திறக்கிறது. அதுதான் காரணமா?

ஓரளவுக்கு. திரையின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் கணக்கு. படங்களைச் சுருக்கி ஏற்றுங்கள், பாதித் தொல்லை தீரும்.

மளிகைக் கடைத் தம்பி: பொருளுக்கு எந்தப் பெயரை வைப்பது அண்ணே?

வாங்குகிறவர் சொல்லும் பெயரை. கூகுளின் சர்ச் கன்சோல் என்ற கருவி இலவசம்தான், எந்தச் சொல்லைத் தேடியபோது உங்கள் பக்கம் தெரிந்தது என்று அதில் பார்க்கலாம். ஒரு கடையில் “தூர் தால்” என்று மட்டும் எழுதியிருந்தோம். கன்சோலைத் திறந்தால் ஆங்கில எழுத்தில் “துவரம் பருப்பு”, அதுவும் நாலு விதமான எழுத்துக்கூட்டலில். தலைப்பில் இரண்டு பெயரையும் போட்டோம். கடைக்காரர் அம்மாதான் சிரித்தார்: “இதைத்தானேடா நான் முதல் நாளே சொன்னேன்!”