மியூனிக்கில் ஒரே சைக்கிள்: கிராவல் வாங்கலாமா?

தம்பி, கார்ஹிங் வளாகத்துக்குத் தினமும் வகுப்புக்குப் போகவும், சனி ஞாயிறில் ஆல்ப்ஸ் பக்கம் சுற்றவும் ஒரே சைக்கிள் போதுமா, அதற்கு தார்ச் சாலையிலும் சரளைப் பாதையிலும் ஓட்டும் கிராவல் சைக்கிள் சரிப்படுமா என்று கேட்டிருந்தாய். போதும், தாராளமாகச் சரிப்படும். நான் இந்த ஊருக்கு வந்து 13 வருடம். கடைசி ஆறு வருடமாக வேலைக்கும் ஊர் சுற்றவும் கிராவல்தான்.

முதலில் நீ ஓட்டப்போகும் பாதையைப் பார். எங்லிஷர் கார்ட்டன் பூங்காவுக்குள் நுழைந்து ஈசார் ஆற்றை ஒட்டியே வடக்கே போனால் கார்ஹிங் வந்துவிடும். நகர மையத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். பெரும்பகுதி தார் கிடையாது, பொடிச் சரளை கொட்டி இறுக்கிய பாதை. நான் வந்த புதிதில் 25 மி.மீ. டயர் போட்ட ரோடு சைக்கிளை ஆசையாக வாங்கினேன். தார்ச் சாலையில் பறந்தது. ஆற்றோரம் போனால் கை மரத்துப்போகும். குளிர்காலம் இன்னும் மோசம். வழுக்காமல் இருக்க சைக்கிள் பாதைகளில் கூரான பொடிக்கல் தூவுவார்கள், ரோல்ஸ்ப்ளிட் என்று பெயர். பனி உருகின பிறகும் அது அங்கேயே கிடக்கும். ஒரே பிப்ரவரியில் எனக்கு மூன்று பஞ்சர்.

கிராவலில் ஹேண்டில்பார் ரோடு சைக்கிள் மாதிரியே வளைந்திருக்கும், எதிர்காற்றில் குனிந்து ஓட்டலாம். டயர் மட்டும் 40 மி.மீ. வாக்கில் இருக்கும். டயர் அகலமானால் காற்றைக் குறைத்து வைக்கலாம், எல்லா சுகமும் அதில்தான் இருக்கிறது. இறுக்கமான டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். காற்று குறைந்த டயர் கல்லை உள்வாங்கிக்கொண்டு உருளும். என் எடை 70 கிலோ. காற்றழுத்தத்தை ‘பார்’ என்ற அலகில் அளப்பார்கள்; நகரத்துக்குள் 3 பார், சரளையில் 2.5 பார் வைக்கிறேன். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கோடைக்காலமே ஆனது. நீ முதல் வாரத்திலேயே காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து ஓட்டிப் பார்.

கடையில் ஒரு விஷயத்தில் கவனமாக இரு. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து எம்போரியாவில் 2006ல் தொடங்கிய 200 மைல் பந்தயம் இந்த வகைக்குப் பெயர் வாங்கித் தந்தது. 2022 முதல் உலகச் சாம்பியன் போட்டியே நடக்கிறது. அதனால் பந்தயத்துக்கென்றே செய்த மாடல்களும் கடையில் நிற்கும். எடை குறைவு, பார்க்க அழகு. ஆனால் பலவற்றில் கேரியரும் மட்கார்டும் மாட்டத் துளை இருக்காது. லேப்டாப், சாப்பாடு, சனிக்கிழமை வாங்கும் அரிசி மூட்டை எல்லாம் உன் முதுகில்தான் ஏறும். பின்சக்கரத்துக்கு மேலேயும் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கிலும் துளை இருக்கிறதா என்று குனிந்து பார்த்து வாங்கு. அலுமினியம் ஃபிரேம், டிஸ்க் பிரேக் போதும். கார்பன் ஃபிரேம் இப்போதைக்கு வேண்டாம்.

வார இறுதிக்குத் தெற்கே போ. ஈசார் கரையோரமாக வொல்ஃப்ராட்ஸ்ஹௌசன் வரை சுமார் 30 கிலோமீட்டர், நடுவில் ஷெஃப்ட்லார்ன் மடாலயம். கால் ஓய்ந்தால் எஸ்-பான் என்கிற புறநகர் ரயிலில், எஸ்7 தடத்தில், திரும்பிவிடலாம். சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுக்கணும். வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 4 முதல் 6 எஸ்-பானில் சைக்கிள் ஏற்ற முடியாது. கால் பழகின பிறகு லெங்ரீஸ் வரை ரயிலில் போய், அங்கிருந்து சில்வென்ஸ்டைன் நீர்த்தேக்கத்துக்கு மிதி. அந்தப் பச்சைத் தண்ணீரை முதல் தடவை பார்த்தபோது நான் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஆற்றோரக் காட்டுக்குள் வேரும் பாறையுமாக ஒற்றையடிப் பாதைகள் உண்டு. அங்கே மட்டும் கிராவலை விடாதே. அது மவுண்டன் பைக்கின் இடம்.

அப்புறம், இங்கே சட்டப்படி முன்னும் பின்னும் விளக்கு, பிரதிபலிப்பான்கள், மணி, தனித்தனியாக இயங்கும் இரண்டு பிரேக் வேண்டும். கிராவல் சைக்கிள்கள் பெரும்பாலும் விளக்கு இல்லாமல்தான் வரும். ஊரிலிருந்து கொண்டுவந்த விளக்கை மாட்டாதே. அலைக்கோடும் கே எழுத்தும் எண்ணும் பொறித்த விளக்குக்குத்தான் இங்கே அனுமதி. டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும், அதனால் விளக்கில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதே.

புதிதாக வாங்கினால் ஆயிரம் யூரோவுக்கு மேல் ஆகும், பழையது பாதி விலைக்குக்கூடக் கிடைக்கும். பழையது என்றால் அசல் ரசீது கேள், அதிலுள்ள ஃபிரேம் எண்ணை ஒத்துப் பார். நல்ல பூட்டுக்கு 80 யூரோவாவது ஒதுக்கு. அசையாத கம்பியோடு சேர்த்துப் பூட்டு. சக்கரத்தை மட்டும் பூட்டிவிட்டு வந்தால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

உன் உயரத்தையும், வெறுங்காலோடு சுவரை ஒட்டி நின்று உள்ளங்கால் முதல் கவட்டை வரை எடுத்த அளவையும் எழுதி அனுப்பு. எந்த ஃபிரேம் அளவு பார்க்கணும் என்று சொல்கிறேன்.