நாலு கோடி வருடத்து முசுறும் எங்கள் வளவு முசுறும்

“அம்பருக்குள் அகப்பட்ட பழங்காலப் பூச்சிகள் இன்றைய பூச்சிகளைப் போலவே இருக்கின்றனவே, அப்போ கூர்ப்பு (பரிணாமம்) நடக்கவே இல்லையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். அம்பர் என்பது நெடுங்காலத்தில் கல் போல இறுகிய மரக்கசிவு.

எனக்கும் இதே சந்தேகம் வந்தது. மட்டக்களப்பில் எங்கள் வளவு மாமரத்தில் ஏறி, இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் சிவப்பு எறும்பான முசுறிடம் வாங்காத கடி இல்லை. பிறகொரு நாள் ஐரோப்பாவின் பால்டிக் கடலோரத்து அம்பரில் இருந்த முசுறின் படத்தைப் பார்த்தேன். சுமார் 4 கோடி வருடம் பழையது. அதே நெடுங்கால், அதே மெல்லிய இடை. பார்த்ததும் கை தானாகச் சொறியப் போனது.

ஆனால் அது நம் முசுறு இல்லை. பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டம், ஒன்றுதான்: ஈக்கோபில்லா. இனம் வேறு, அதுவும் அழிந்துபோன இனம். புதிதாக வந்தவருக்கு இரட்டைப் பிள்ளைகள் ஒரே முகமாகத் தெரியும், தாய்க்குத் தெரியாதா? எறும்பு ஆய்வாளர்கள் அந்தத் தாய் மாதிரி. உடம்பின் அமைப்பு பிழைப்புக்குப் பொருந்திவிட்டால் அது பெரிதாக மாறாமலே நெடுங்காலம் போகலாம். இங்கே கூடுதலாக மாறியது ஊர்தான்: அன்று வெப்பமாக இருந்த ஐரோப்பாவில் வாழ்ந்த முசுறு இன்று அங்கே இல்லவே இல்லை.

இன்னொன்று, ஒத்துப்போகும் படங்கள்தான் நம் கண்ணில் படுகின்றன. மியன்மார் அம்பரில், சுமார் 9.9 கோடி வருடத்துக்கு முந்திய ‘நரக எறும்பு’ இருக்கிறது. தாடை அரிவாள் போல மேல்நோக்கி வளைந்து, பக்கவாட்டில் இல்லாமல் மேலும் கீழுமாக அசையும். இன்றுள்ள எந்த எறும்புக்கும் அப்படி இல்லை, அந்த வம்சமே அற்றுப்போனது. அதைப் போட்டு “மாறவே இல்லை” என்று யாரும் பகிர்வதில்லையே!

(சின்ன வயதில் எறும்பு ஒட்டிய வேப்பம் பிசினை அம்பராகும் என்று சேர்த்து வைத்தேன். மாரி மழையில் கரைந்தது. பிசின் நீரில் கரையும். அம்பராக மாறுவது குங்கிலியம் போன்ற, நீரில் கரையாத மரக்கசிவு.)

மாறாதவர்களைப் பற்றிக் கேட்டால் நம் நாட்டிலேயே ஒருவர் இருக்கிறார், அனியூரிட்டஸ் சைமனி என்ற சிற்றெறும்பு. 1893இல் பெயரிடப்பட்டது. அதன் துணைக்குடும்பத்தில் உயிரோடு எஞ்சிய ஒரே இனம், உலகிலேயே இலங்கையில் மட்டும். கிட்டிய உறவினர் பால்டிக் அம்பருக்குள் கிடக்கிறார்கள். சிங்கராஜா போன்ற ஈரவலயக் காடுகளில் உக்கிய குச்சிக்குள் குடியிருக்கும். மட்டக்களப்பு வெயிலுக்கு அது வராது, எங்களுக்கு முசுறுதான்.