பொத்தான் கேமராவும் வாடகை வீடும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். கணவருக்கு எச்-1பி வேலை விசா, எனக்கு அவரைச் சார்ந்து வந்த எச்-4 விசா. தோழி ஒருத்தி வீடியோ மிஸ்டரி ஷாப்பிங் செய்கிறாள், அதாவது வாடிக்கையாளர் மாதிரி போய் ஊழியர் எப்படி நடந்துகொள்கிறார் என்று ரகசியமாகப் படம் எடுத்துக் கொடுக்கும் வேலை. சட்டையில் பொத்தான் கேமராவை மாட்டிக்கொண்டு, அபார்ட்மென்ட் வாடகை அலுவலகத்துக்குப் போய் வீடு தேடுகிறவள் மாதிரி பேசிவிட்டு வந்தால் காசு. எனக்கும் ஆசையாக இருக்கிறது. எந்தக் கேமரா வாங்கலாம்? (பெயர் வேண்டாமே)

பதில்: கேமரா இருக்கட்டும், உங்களிடம் ஈஏடி என்கிற வேலை அனுமதி அட்டை இருக்கிறதா? அது இல்லாமல் எச்-4 விசாவில் இருப்பவர் அமெரிக்காவில் காசு வாங்கிக்கொண்டு எந்த வேலையும் செய்யக் கூடாது. "இது சம்பள வேலை இல்லையே, ஒப்பந்தம்தானே, மாதத்துக்கு ஒன்றிரண்டுதானே" என்று தோழிகள் சொல்வார்கள், ஆனால் குடியேற்றத் துறைக்கு அதுவும் வேலைதான், நாளைக்குக் கிரீன் கார்டு விண்ணப்பத்தில் "அனுமதியில்லாமல் வேலை செய்தீர்களா" என்ற கேள்வி வரும்போது சில நூறு டாலருக்காக மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டியிருக்கும். 2015-லிருந்து எச்-4 காரர்களில் ஒரு பகுதியினருக்கு ஈஏடி கிடைக்கிறது, பெரும்பாலும் எச்-1பியில் இருக்கும் கணவருக்கோ மனைவிக்கோ ஐ-140 (கிரீன் கார்டுக்காக வேலை தரும் நிறுவனம் போடும் மனு) ஒப்புதல் ஆகியிருந்தால். அட்டை கையில் இருந்தால் மேலே படியுங்கள். இல்லையென்றால் அது வரும்வரை இந்த ஆசையைத் தள்ளிப்போடுங்கள்.

கேள்வி: ஒருவருக்குத் தெரியாமல் அவர் பேச்சைப் பதிவு செய்வது குற்றம் இல்லையா? நான் பிலடெல்பியாவில் இருக்கிறேன்.

பதில்: சரியான ஊரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்குப் பெரிய சிக்கல் படத்தைவிட ஒலிதான். மத்திய அரசின் ஒட்டுக்கேட்புச் சட்டப்படி, பேசுகிறவர்களில் ஒருவர் சம்மதித்தால் போதும், அந்த ஒருவர் நீங்களாகவே இருக்கலாம். நியூ ஜெர்சி, நியூ யார்க், டெக்சாஸ் எல்லாம் அப்படித்தான். பென்சில்வேனியா, கலிபோர்னியா, மேரிலாந்து, புளோரிடா மாதிரி மாநிலங்களில் தனிப்பட்ட பேச்சைப் பதிய எல்லாருடைய சம்மதமும் வேண்டும். அதாவது டெலவேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சியில் செய்யும் அதே காரியம் உங்கள் பக்கம் வந்தால் வழக்காகிவிடலாம். நெவாடா இன்னும் கறார், அங்கே மிஸ்டரி ஷாப்பிங்கையே தனியார் துப்பறியும் தொழிலோடு சேர்த்துவிட்டார்கள், உரிமம் உள்ள நிறுவனம் வழியாகத்தான் செய்ய முடியும்.

ஒழுங்கான மிஸ்டரி ஷாப்பிங் நிறுவனங்கள் என்ன செய்கின்றன என்றால், தங்களை அமர்த்தும் கம்பெனியின் ஊழியர்களிடம் "பயிற்சிக்காக உங்களை எப்போதாவது படம் எடுப்போம்" என்று முன்கூட்டியே கையெழுத்து வாங்கி வைக்கச் சொல்கின்றன. ஊழியருக்குப் படம் எடுப்பார்கள் என்று தெரியும், என்றைக்கு, யார் என்பதுதான் தெரியாது. அந்தக் கையெழுத்து இருக்கிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு அப்புறம் வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். மழுப்பினால் வேண்டாம் என்று விடுங்கள். கையெழுத்து போட்டது அந்த ஊழியர் மட்டும்தான், பக்கத்து மேசையில் வீடு கேட்டு உட்கார்ந்திருக்கும் குடும்பம் இல்லை, அதனால் அவர்கள் பேச்சுக்கு அருகில் போய் நிற்காதீர்கள். கேமரா ஓடும்போது கழிப்பறைக்குப் போகவே கூடாது, அங்கே மற்றவர்களைப் படம் எடுப்பது தனிக் குற்றமாகிவிடலாம்.

கேள்வி: ஈஏடி இருக்கிறது, டாலஸில் இருக்கிறேன். கருவி, பழக்கம் பற்றிச் சொல்லுங்கள்.

பதில்: உடனே வாங்காதீர்கள். இந்தத் துறையில் அதிகம் அடிபடுகிற பெயர் லாமேட் கம்பெனியின் பிவி-500 ரெக்கார்டர், கூடவே கம்பியில் இணையும் பொத்தான் கேமரா. செட்டாக வாங்கினால் சில நூறு டாலர் ஆகும். நிறுவனத்துக்கு நிறுவனம் எதிர்பார்ப்பு மாறும், சிலர் கருவியை வாடகைக்கோ இரவலாகவோ தருவதும் உண்டு, அதனால் முதலில் நிறுவனத்தில் பெயரைப் பதிந்துகொண்டு, அவர்கள் சொல்வதை வாங்குங்கள். மலிவான பேனா கேமராவை நம்பிப் போனால் தேதி தப்பாகப் பதிவாகும், ஆள் முகம் இருட்டாக விழும், வேலை செய்தும் பணம் வராது.

கேமராவைவிட உடைதான் படுத்தும். மற்ற பொத்தான்களும் அதே மாதிரி இருக்கிற அடர்நிறச் சட்டை வேண்டும். துப்பட்டா, நீளச் சங்கிலி, அவிழ்ந்த கூந்தல் எல்லாம் லென்ஸை மறைக்கும், வளையல் சத்தம் மைக்கில் ஆள் குரலைவிடப் பெரிதாகக் கேட்கும். ஆறடி ஆள் எதிரே நின்றால் உங்கள் மார்பில் இருக்கும் கேமராவுக்கு அவர் டைதான் தெரியும், ஆகவே லென்ஸைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்து மாட்டிக்கொண்டு, ஓரடி தள்ளி நில்லுங்கள். மேசையில் உட்கார்ந்ததும் நேராக அவரைப் பார்த்து உட்காருங்கள், தலையை மட்டும் திருப்பினால் கேமரா சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். காரில் பதிவைத் தொடங்கி, மறுபடி காருக்கு வந்து கதவைச் சாத்தும்வரை நிறுத்தாதீர்கள், கருவியைத் தொடவும் தொடாதீர்கள். வெட்டி ஒட்டின படத்தை யாரும் ஏற்க மாட்டார்கள். முதல் வேலைக்கு முன் வீட்டிலேயே யாரையாவது விற்பனையாளராக உட்காரவைத்து முழுசாக ஒருமுறை எடுத்துப் பாருங்கள், கம்பி தளர்ந்திருப்பதும் மெமரி கார்டு நிறைந்திருப்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

கதை எளிதாக இருக்கட்டும். வாடகை அலுவலகத்தில் வீட்டைக் காட்டுவதற்கு முன் ஓட்டுநர் உரிமத்தைக் கேட்பது சகஜம், ஆகவே சொந்தப் பெயரிலேயே போங்கள். எப்போது குடிவருவீர்கள், எவ்வளவு பட்ஜெட், எத்தனை படுக்கையறை, இந்த மூன்றுக்கும் பதில் தயாராக இருந்தால் போதும். அலுவலக ஊழியர் உங்கள் தேவையைக் கேட்டாரா, மாடல் வீட்டைக் கூட்டிப்போய்க் காட்டினாரா, "இன்றே எடுத்துக்கொள்கிறீர்களா" என்று கேட்டாரா என்பதைத்தான் பார்க்கப்போகிறார்கள். அவர் மறந்ததை நீங்களாக எடுத்துக் கொடுத்தால் வேலையே கெட்டுப்போகும். நம்மவர்களுக்கு வாய் சும்மா இருக்காது, அதுதான் கஷ்டம்!

வரி: நீங்கள் ஊழியர் இல்லை, ஒப்பந்தக்காரர். செலவு போக ஆண்டு லாபம் 400 டாலரைத் தொட்டால் வருமான வரியோடு 15.3 சதவீத சுயதொழில் வரியும் உண்டு. கார் ஓடிய மைல் கணக்கைக் குறித்து வையுங்கள், கழித்துக்கொள்ளலாம்.

கேள்வி: மிஸ்டரி ஷாப்பராகத் தேர்வாகிவிட்டேன் என்று தபாலில் 2,000 டாலருக்கு மேல் ஒரு காசோலை வந்திருக்கிறது. வங்கியில் போட்டு, என் கூலியை எடுத்துக்கொண்டு, மீதிக்கு கிஃப்ட் கார்டு வாங்கி எண்களை அனுப்பச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள். அது போலிக் காசோலை. வங்கி ஓரிரு நாளில் பணத்தைக் கணக்கில் காட்டிவிடும், செல்லாது என்று தெரிய வாரக்கணக்கில் ஆகும், அதற்குள் கிஃப்ட் கார்டு பணம் போயிருக்கும், வங்கி முழுத் தொகையையும் உங்களிடம்தான் கேட்கும். அமெரிக்க வணிக ஆணையமான எஃப்டிசி பல வருடமாக எச்சரித்துக்கொண்டிருக்கும் மோசடி இது. காசோலை, கடிதம், உறை எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொண்டு அவர்களிடம் புகார் கொடுங்கள். சேருவதற்குக் கட்டணம் கேட்கும் நிறுவனங்களையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.